குகநாதனின் இரண்டாவது தொசியே

குகநாதனைப் பற்றி நான் எழுதுவது இது முதல் தடவை அல்ல. 1990ஆம் ஆண்டு சுவிஸ் நாட்டு லொசானில் வைத்து அவரைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் பெயரும் பிறந்த திகதியும் தாய் தகப்பன் பெயரும் உண்மை. மீதியில் எது நடந்தது, எது நான் சேர்த்தது என்று இப்போது கேட்டால் எனக்கே குழப்பமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்கு அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் உபதொழில். ஊரில் நான் ஆங்கில வாத்தியார். இங்கே வந்து மூன்று வருடத்தில் பிரெஞ்சையும் ஒரு மாதிரிப் பிடித்துவிட்டேன். விண்ணப்பத்தை எல்லாரும் 'கேஸ்' என்பார்கள். பாலசிங்கம் மாஸ்டர் எழுதினால் கேஸ் விழாது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதை மறைத்து என்ன காணப்போகிறேன்.

குகநாதனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம் ஒரு தையல்கடையில் பதினாறு வயதிலிருந்து வேலை. கல்யாண மாப்பிள்ளைமாருக்குக் கோட் வெட்டுவதில் கெட்டிக்காரன் என்று அவரோடு வந்த பெடியன்களே சொன்னார்கள். நான் பேனையை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். தையல்காரன் என்று எழுதினால் வெள்ளைக்காரன் என்ன கேட்பான்? யாழ்ப்பாணத்தில் பிரச்சினை என்றால் கொழும்பில் போய் ஒரு மெசினைப் போட்டுப் பிழைக்கலாமே என்று கேட்பான். தோட்டம் செய்கிற கமக்காரனிடம் அப்படிக் கேட்க முடியாது. அவனுடைய காணி எங்கேயோ அங்கேதான் அவன் பிழைப்பு. காணி போனால் எல்லாம் போயிற்று.

"நீர் இனித் தையல்காரன் இல்லை. கமக்காரன். ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்ல வேணும்," என்றேன்.

"எனக்கு மண்வெட்டி பிடிக்கவே தெரியாது மாஸ்டர்."

"பிடிக்கத் தேவையில்லை. சொன்னால் காணும்."

வெங்காயம் எந்த மாதம் நடுவது, எத்தனை நாளில் கிண்டுவது, புகையிலைக்கு எப்படித் தண்ணீர் கட்டுவது என்று இரண்டு நாள் அவருக்குப் பாடம் எடுத்தேன். விசாரணையிலும் அதைத்தான் கேட்டார்கள். குகநாதன் ஒரு பிழையும் விடாமல் சொன்னார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். நான் ஒரே ஒரு பொய்யில் ஒரு மனிதனைச் சுவிஸில் இருத்திவிட்டேன் என்று பெருமைப்பட்டேன்.

அந்தப் பொய் பிறகு அவரை விடவில்லை. வேலை தேடிக் கொடுக்கிற கந்தோரில் கடதாசியைப் பார்த்தார்கள். தொழில் என்ற இடத்தில் 'அக்ரிகில்த்தர்', அதாவது கமக்காரன் என்று இருந்தது. சலாதுத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே குனிந்து குனிந்து நாரி பிடித்து ஒரு மாதம் படுத்தார். பிறகு ஒரு பெரிய கன்ரீனில் கோப்பை கழுவும் வேலை கிடைத்து, அதிலேயே இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. இடையில் ஒரு தடவை ஒரு உடுப்புக் கடையில் தையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று என்னிடம் ஓடி வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். இரண்டு கடதாசி இரண்டு கதை சொன்னால் தலைநகர் பேர்ணில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். பேர்ண் என்றால் எங்களுக்கு நகரம் இல்லை. எங்கள் எல்லாருடைய கடதாசியையும் அடுக்கி வைத்திருக்கிற அலுமாரி.

வீட்டில் ஜன்னலோரம் ஒரு மெசின் வைத்து எங்கள் பெண்களுக்குச் சட்டை தைப்பார், பெரியபிள்ளையானவர்களின் சாமத்திய வீட்டுக்குப் பாவாடை தைப்பார். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன், 2011ஆம் ஆண்டு வரை.

அந்த வருடம் ஒரு புதன்கிழமை குகநாதனுக்கு உடுப்புத் தோய்க்கிற முறை. லொசானுக்குப் பக்கத்தில் ரெனானில் அவர் இருக்கிற கட்டடத்தில் நிலவறையில் ஒரே ஒரு மெசின். யாருக்கு எந்த நாள் என்று கதவில் அட்டவணை தொங்கும். கூடையோடு இறங்கிப் போனால் மெசின் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே கடும் நீலத்தில் நல்ல கம்பளித் துணி, தொண்ணூற்றைந்து பாகைச் சூட்டில் கொதிக்கிறது. குகநாதனுக்கு நெஞ்சு பதறிவிட்டது. கம்பளியைக் கொதிக்க விட்டால் சுருங்கிப் பாழாகிவிடும் என்று தெரியாத எந்த மடையனோ என்று நினைத்து மெசினை நிறுத்தி, சுடச்சுடத் துணியை இழுத்து வெளியே போட்டுவிட்டார்.

அந்த மடையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். இரண்டாம் மாடி இவான் செவாலே. பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை. குகநாதன் துணியைக் காப்பாற்றியதாக நினைக்க, செவாலே துணியைக் கெடுத்துவிட்டதாகக் கத்த, இரண்டு பேரும் ஈரக் கம்பளியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் குகநாதன் என் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர், ரெண்டாம் மாடிச் செவாலே கடற்கொள்ளைக்காரனாம்."

"பல்லுச் செய்யிறவர் எண்டெல்லோ சொன்னீர்?"

"கிழமை நாளிலை பல்லு. சனி ஞாயிறிலை கொள்ளை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் ஒருக்கா வந்து கதையுங்கோ."

போய்க் கதைத்தேன். எனக்கும் விளங்க நேரம் எடுத்தது. செவாலேயோடு முப்பது பேர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். தபால்காரர், தாதி, வங்கிக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்திய கடற்கொள்ளையர் மாதிரி உடுத்து, லெமான் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, அக்காலத்துச் சாப்பாட்டைச் சமைத்துச் சாப்பிட்டு, மரக்கப்பலில் ஏறிப் புகை வெடி வெடிப்பார்கள். நாடகமா என்றேன். இல்லையாம். மாறுவேடப் போட்டியா என்றேன். செவாலேக்கு முகம் சிவந்துவிட்டது. இது சரித்திரமாம். கடலே இல்லாத நாட்டுக்குக் கடற்கொள்ளைச் சரித்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன்.

துணியைக் கொதிக்க வைத்ததற்கும் காரணம் இருந்தது. அந்தக் காலத்துக் கோட்டுத் துணியை அடித்து, சுருக்கி, இறுக்கித்தான் விற்பார்களாம். இறுகிய துணியை வெட்டினால் விளிம்பில் நூல் பிரியாது. மடித்துத் தைக்கவே வேண்டியதில்லை. நான் இதைத் தமிழில் சொன்னதும் குகநாதன் துணியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நூல் வரவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் இருபது வருடத்தில் கண்டதில்லை.

"இன்னும் பத்து நிமிசம் கொதிச்சிருக்க வேணும். நான் பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ," என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. முதலில் ஒரு காற்சட்டை. 'கோர்சேர்' உடுப்பு ஒன்று வேண்டும் என்று செவாலே கேட்டார். கோர்சேர் என்றால் பிரெஞ்சில் ஒரு வகைக் கடற்கொள்ளைக்காரன். ஆனால் இங்கே உடுப்புக் கடைகளில் பெண்கள் கோடையில் போடுகிற, கெண்டைக்காலோடு நிற்கிற இறுக்கமான காற்சட்டைக்கும் அதுதான் பெயர். குகநாதனுக்குத் தெரிந்தது இரண்டாவது. ஆம்பிளை இதைக் கேட்கிறாரே என்று கூச்சப்பட்டுக்கொண்டு, கெண்டைக்காலை அளந்து, பக்கத்தில் இழுத்துப் பூட்டுகிற சிப்பும் வைத்துக் கொடுத்துவிட்டார். செவாலே அதைப் போட்டுக்கொண்டு மனைவிக்கு முன்னால் போய் நின்றாராம். அந்த அம்மா சிரித்த சிரிப்பு தங்கள் நாலாம் மாடி வீட்டுக்குக் கேட்டது என்று குகநாதனின் மனைவி யோகாம்பாள் சொன்னார்.

பிறகு செவாலே படங்களைக் கொண்டுவந்து காட்டினார். சிப் கூடாது, மெசின் தையல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்து, கையாலேதான் தைக்க வேண்டும். எதைப் போட்டாலும் அந்தக் காலத்தில் அது இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். ஒரு படமோ, ஒரு பழைய எழுத்தோ, நூதனசாலையில் ஒரு பொருளோ. குகநாதன் படங்களை மேசையில் பரப்பிவைத்து நாள் முழுக்கப் பார்த்தார். சட்டையை எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, கக்கத்தில் ஒரு சின்னச் சதுரம் வைத்து, ஒரு துண்டு துணிகூட வீணாகாமல் அமைத்திருக்கிறான், தைத்தவன் விண்ணன் என்றார். செத்து முந்நூறு வருடமான ஒருவனைத் தன் கடையில் கூட வேலை செய்தவன் மாதிரிப் புகழ்ந்தார்.

மூன்று வருடத்தில் அந்தக் கூட்டம் முழுவதற்கும் அவர்தான் தைத்தார். சட்டை, அகலக் காற்சட்டை, கையில்லாத உட்கோட், வாள் தொங்கவிடுகிற தோள்வார். தோலில் ஊசியால் துளை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் இழுத்துத் தைக்கப் பழகினார். கன்வஸ் தொப்பிக்குத் தார் பூசிப் பல்கனியில் காய வைத்தார். ரெனானில் ரோட்டுப் போடுகிறார்களோ என்று கீழ்வீட்டுக்காரி வந்து கேட்டாள்.

ஒன்றை மட்டும் அவர் தைக்கவில்லை. துப்பாக்கிக்கு ரவை வைக்கிற தோல்பெட்டி. செவாலே எத்தனை தரம் கேட்டும் முடியாது என்றுவிட்டார். "இயக்கத்துக்கு ரவை வைக்கிற சாமான் தைச்சவன் எண்டு நாளைக்கு ஆரும் எழுதினால்?" என்று என்னைக் கேட்டார். யார் எழுதப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அப்படிப் பயப்படச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

2013இல் அவர் தனக்கென்று ஒரு கோட் தொடங்கினார். நீலக் கம்பளி, முழங்கால் வரைக்கும் இறங்கி, கீழே குடை மாதிரி விரிகிற கோட். மரவில்லையில் துணி சுற்றிய தெறிகள், அதாவது பொத்தான்கள், முன்பக்கத்திலும் கையிலும் பொக்கற்றிலுமாக நாற்பத்திரண்டு. ஒரு தெறிக்கு ஓட்டை வெட்டிச் சுற்றிக் கட்ட முக்கால் மணித்தியாலம். பதினொரு மாதம் எடுத்தது. யோகாம்பாள் முதலில் முணுமுணுத்தார். முடிந்த அன்று அவரே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கலியாணத்துக்கும் இந்த மனுசன் இரவல் கோட்தான் போட்டவர், மாஸ்டர். ஊரெல்லாத்துக்கும் தைச்சுக் குடுத்த ஆள். தனக்கெண்டு ஒண்டு தைச்சதை இண்டைக்குத்தான் காணுறன்."

குகநாதன் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். குனிந்து கோப்பை கழுவிக் கழுவி அவருக்கு இடது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். கோட்டுக்குள் அது தெரியவில்லை. நான் வேறு எதையோ பார்ப்பது போல நின்றேன்.

அவருடைய ஆசை பெரிதல்ல. 2014 மே மாதம் பிரான்சிலிருந்தும் ஆட்கள் வந்து லெமான் கரையில் பெரிய கூடல் வைக்கிறார்கள். மரக்கப்பல் வரும். அதில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும். செவாலேயும் சந்தோசமாக ஒத்துக்கொண்டார்.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. குகநாதன் அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"திருப்பிக் கூப்பிட்டிருக்கினம், மாஸ்டர். ஒதிசியோனாம். தொசியே கொண்டு வரட்டாம்."

ஒதிசியோன் என்றால் விசாரணை. அகதி விண்ணப்பத்துக்கு எங்களை வைத்துக் கேள்வி கேட்டதற்கும் பிரெஞ்சில் அந்தப் பெயர்தான். தொசியே என்றால் ஆளுடைய கோப்பு. இந்த இரண்டு சொல்லும் ஒரே கடிதத்தில் வந்தால் எங்கள் ஆள் ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்று வெள்ளைக்காரனுக்குத் தெரியாது. அதுவும் குகநாதன் அப்போதுதான் சுவிஸ் குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் கண்ணாடியைப் போட்டுக் கடிதத்தைப் படித்தேன். தலைப்பில் ஒரு கறுப்பு நங்கூரமும் மண்டையோடும் இருந்தன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கடிதம் மே மாதக் கூடல்காரர் அனுப்பியது. விசயம் இதுதான். கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவரும் தான் யார் என்று ஒரு வாழ்க்கைக் கதை எழுதிக் கொடுக்க வேண்டும். 1714ஆம் ஆண்டில் வாழ்ந்த ஆளாக. பெயர், பிறந்த இடம், தொழில், எப்படிக் கொள்ளைக்கப்பலில் சேர்ந்தான், போட்டிருக்கிற உடுப்பு எங்கிருந்து வந்தது. மூன்று பேர் கொண்ட குழு அதைப் பரிசோதிக்கும். கதையும் உடுப்பும் பொருந்தினால் கப்பல், பொருந்தாவிட்டால் கரை.

"இதுவும் ஒரு கேஸ்தானே. எழுதிப் போடுவம்," என்றேன். இருபது வருடமாகக் கை துருப்பிடித்துக் கிடந்தது. ஒரே இருப்பில் நான்கு பக்கம் எழுதினேன். 1682இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். தொழில் கமம். ஒல்லாந்தர் அவரைக் கட்டாய ஊழியத்துக்குப் பிடித்தார்கள். மறுத்ததால் தேடினார்கள். தோணியில் தப்பியபோது கொள்ளையர் பிடித்துக் கட்டாயமாகக் கப்பலில் ஏற்றினார்கள். அவர் எந்தச் சண்டையிலும் பங்குபற்றவில்லை. எவரிடமும் எதையும் பறிக்கவில்லை. திருப்பி அனுப்பப்பட்டால் அவருடைய உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

செவாலே அதை இரண்டு தரம் படித்தார்.

"நன்றாக இருக்கிறது. ஆனால் இவர் யாரிடம் பாதுகாப்புக் கேட்கிறார்?" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மனிதனுடைய வாழ்க்கையை வேறு எந்த விதமாகவும் எழுத எனக்குத் தெரியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

செவாலேக்கு அதைவிடப் பெரிய சிக்கல் கோட். யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு ஐரோப்பியக் கம்பளிக் கோட் எங்கிருந்து வந்தது? அந்தக் குழுவில் பிரான்சிலிருந்து வருகிற ஒரு அம்மா இருக்கிறாராம், பூதக்கண்ணாடியோடு திரிகிறவர். விடமாட்டாராம். அக்காலத்தில் எங்கள் பக்கத்துக் கப்பலாட்கள் மேலில் ஒன்றும் போடாமல் இடுப்பில் ஒரு துண்டும் தலையில் ஒரு துண்டும் கட்டியிருந்த படங்கள் இருக்கின்றன, சான்றுக்குப் பிரச்சினை இல்லை, அப்படி வந்தால் உடனே சேர்த்துக்கொள்வார்கள் என்றார் செவாலே. அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

"இந்தக் குளிருக்கை வெறும் மேலோடையோ?" என்றார் யோகாம்பாள். "பதினொரு மாசம் தைச்சது கோமணத்தோடை நிக்கவோ?"

"களவெடுத்த கோட் எண்டு எழுதுவம். கொள்ளைக்காரன்தானே," என்றேன் நான்.

குகநாதன் பாய்ந்து என் கையைப் பிடித்துவிட்டார். "களவு எண்டு மட்டும் எழுதாதையுங்கோ, மாஸ்டர். தொசியேயிலை களவு இருந்தால் சிற்றிசன் தருவினமோ?"

இது அந்தத் தொசியே இல்லை என்று சொன்னேன். தெரியும் என்றார். தெரிந்துகொண்டும் பயப்பட்டார். செவாலேயின் கையெழுத்து இருக்கும், தன் பெயர் இருக்கும், ரெனான் விலாசம் இருக்கும், கடதாசி எங்கே போய் எந்தக் கடதாசியோடு சேரும் என்று யார் கண்டது என்றார். உலகத்திலேயே குற்றம் எதுவும் செய்யாத கடற்கொள்ளைக்காரன் அவராகத்தான் இருக்கும்.

கப்டன் பரிசாகக் கொடுத்த கோட் என்று எழுதலாமா என்று யோசித்தோம். கப்டன்கள் அப்படிக் கொடுத்ததற்குச் சான்று இல்லையாம். அப்போது யோகாம்பாள் தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"தானே தைச்சது எண்டு எழுதினால் என்ன? தையல்காரன் எண்டு போட்டால் முடிஞ்சுதே கதை."

குகநாதன் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. அப்படியே எழுத வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது எனக்கு விளங்கியது. நான் ஓம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"வேண்டாம்," என்றேன். "குடியுரிமைப் படிவத்திலையும் ஊரிலை செய்த தொழில் கமம் எண்டுதான் போட்டிருக்கு. இந்த நேரம் வேற கதை வேண்டாம். உடைஞ்ச கப்பலிலையிருந்து கரையொதுங்கின கோட் எண்டு எழுதுறன்."

அவருக்காகப் பயந்தேன் என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தப் பொய் என் கையெழுத்தில் இருந்ததுதான் என்னை அப்படிச் சொல்ல வைத்தது போலிருக்கிறது. எது சரி என்று தெரியவில்லை. குகநாதன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மே மாதச் சனிக்கிழமை. ஏரிக்கரையில் வெள்ளைக் கூடாரங்கள், புகை, சூப் மணம். மரக்கப்பல் தூரத்தில் கட்டியிருந்தது. ஒரு கூடாரத்துக்குள் மேசை போட்டு மூன்று பேர் இருந்தார்கள். முன்னால் ஒரு கதிரை. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளனுக்கு இன்னொரு கதிரை. அந்த இரண்டு கதிரையும் போட்டிருந்த விதம் அகதி விசாரணை அறை மாதிரியே இருந்தது. குகநாதன் கோட்டின் எல்லாத் தெறிகளையும் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பெயர் கேட்டார்கள். பிறந்த வருடம் கேட்டார்கள். 1682 என்றார். தொழில் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை.

"அக்ரிகில்த்தர்," என்றேன் நான்.

கோட் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். உடைந்த கப்பலிலிருந்து என்றேன். பூதக்கண்ணாடி அம்மா எழுந்து வந்தார். எங்கள் ஆளைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். கை விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். தெறி ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குகநாதனுடைய இரண்டு தோளிலும் இரண்டு கையையும் வைத்து அமர்த்திப் பார்த்தார்.

"இது கரையொதுங்கிய கோட் இல்லை. இவருக்கு இடது தோள் தாழ்வு. அந்தப் பக்கத்துக்குள்ளே கம்பளித் துண்டு வைத்துச் சமப்படுத்தியிருக்கிறது. இந்த உடம்பை நன்றாகத் தெரிந்த ஒருவர்தான் இதை வெட்டியிருக்கிறார். யார் அவர் என்று கேளுங்கள்," என்றார்.

நான் தமிழில் சொன்னேன். "ஆர் தைச்சது எண்டு கேக்கினம்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த அம்மாவைப் பார்த்துப் பிரெஞ்சில் சொன்னார்:

"முவா. ழ சுவி தையேர்."

நான்தான், நான் தையல்காரன். தையல்காரனுக்குப் பிரெஞ்சில் தையேர் என்பார்கள். அவர் வாயில் அது தையல் என்றே கேட்டது.

எப்போதிருந்து என்று அந்த அம்மா கேட்டார். பதினாறு வயதிலிருந்து என்றார். எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணம், பெரிய கடை, முதலாளி பெயர் இன்னது, என்னோடு நாலு பேர், கல்யாணக் கோட்கள் வெட்டினேன் என்றார். 1698ஆம் ஆண்டைச் சொல்கிறாரா 1982ஆம் ஆண்டைச் சொல்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த அம்மா எழுதிக்கொண்டே இருந்தார். குகநாதன் இருபத்துநாலு வருடமாக அடக்கி வைத்திருந்ததை, உடைந்த பிரெஞ்சில், எந்த ஊசிக்கு எந்த நூல் என்பது வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

செவாலே குனிந்து என் காதருகே கேட்டார். "அப்படியானால் கமக்காரன் என்று நீங்கள் எழுதியது?"

"மொழிபெயர்ப்பில் பிழை. என்னுடைய பிழை," என்றேன்.

கோப்பில் முதல் எழுதியதை வெட்டிவிட்டுத் தையல்காரன் என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். குகநாதன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் கப்பலில் ஏறக் கூப்பிட்டார்கள். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மாஸ்டர், அதிலை ஒரு கொப்பி எடுத்துப் பேர்ணுக்கும் அனுப்பிவிடுங்கோ."

பகிடியா, உண்மையா என்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. கப்பல் கரையை விட்டுப் போனது. நீலக் கோட் எது என்று கொஞ்சத் தூரம் தெரிந்தது. பிறகு முப்பது பேருடைய உடுப்பும் அவர் தைத்ததுதானே, எது அவர் என்று பிரித்தறிய முடியவில்லை. யோகாம்பாள் கை காட்டிக்கொண்டே நின்றார்.

கொப்பி எடுத்தேன். அனுப்பத் துணிச்சல் வரவில்லை. குடியுரிமை வருகிற வரைக்கும் ஒவ்வொரு நாளும், தபால்பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம், அவருக்காக நான் பயந்தேன். அவர் பயப்பட்ட மாதிரித் தெரியவில்லை. கன்ரீன் வேலைக்குப் போனார், வந்தார். ரவைப்பெட்டியும் தைக்கத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் குடியுரிமை கிடைத்தது. சிவப்புப் பாஸ்போட்டைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து வைத்தார். இரண்டு பேரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தோம். பெயர் இருந்தது. பிறந்த திகதி இருந்தது. உயரம் இருந்தது. சுவிஸ்காரர் பாஸ்போட்டில் பிறந்த ஊரைப் போடமாட்டார்கள், பூர்வீக ஊரைத்தான் போடுவார்கள். குகநாதனுடைய பூர்வீக ஊர் ரெனான் என்று அரசாங்கமே அச்சடித்திருந்தது. நான் எழுதிய எந்தக் கேஸிலும் இவ்வளவு பெரிய கதை இருந்ததில்லை.

குகநாதன் பாஸ்போட்டைத் திருப்பினார். பின்பக்கம் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, வெறும் பக்கங்களையும் பார்த்து முடித்தார்.

"தொழில் எண்டு இதிலை ஒரு இடமே இல்லையே, மாஸ்டர்," என்றார்.

நான் இன்னொரு தரம் தேடுவது போலப் பாஸ்போட்டைக் கையில் வாங்கினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை.